கண்ட்ரோல் ஆர்மைக் கழற்றும் முன் டேப்பை எடுங்கள்

புது கண்ட்ரோல் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸோடு இணைக்கும் கம்பி) வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" மாட்டுவது பெரிய வேலையே இல்லை. முன்னும் பின்னுமாக எட்டு ஆர்ம், பதினாறு போல்டு. துரு பிடிக்காத வண்டி என்றால் ஒரு பகலில் முடிந்துவிடும். நேரம் பிடிப்பது அளவெடுப்பதும் அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதும். சேஸுக்குக் கீழே ஆக்ஸில் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த ஆர்ம்கள்தான். அதனால் என் கையில் ஸ்பானருக்கு முன்னால் டேப்தான் வரும்.

நான் இங்கே சொல்வது சாலிட் ஆக்ஸிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே கெட்டியான குழாய்) காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கு. ஒவ்வொரு ஆக்ஸிலையும் இரண்டு கீழ் ஆர்ம், இரண்டு மேல் ஆர்ம், குறுக்கே ஒரு ட்ராக் பார் பிடித்திருக்கும். ஜீப் ராங்ளரின் டிஜே, ஜேகே, ஜேஎல் மாடல்கள் எல்லாம் இந்த வகை. சுசுகி ஜிம்னி போன்ற வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு ரேடியஸ் ஆர்ம்தான் உண்டு. அங்கே கேஸ்டரைத் திருத்தும் வழியே வேறு, இதை அப்படியே அங்கே பொருத்தப் பார்க்காதீர்கள். முன் பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

லிஃப்ட் போட்டால் (வண்டியை உயர்த்தினால்) ஆர்ம் ஏன் மாற வேண்டும்

ஆர்மின் ஒரு முனை சேஸில் நிலையாக இருக்கிறது. மறுமுனை ஆக்ஸிலோடு சேர்ந்து வட்டவில்லில் ஏறி இறங்குகிறது. வண்டியை உயர்த்தும்போது ஆக்ஸில் சேஸை விட்டுக் கீழே போகிறது, ஆர்ம் செங்குத்தாகச் சாய்கிறது, அதன் கிடைமட்ட நீளம் குறைகிறது. முன் ஆக்ஸில் பின்னோக்கி இழுக்கப்படும். பின் ஆக்ஸில் முன்னோக்கி வரும். வீல்பேஸ் இரண்டு பக்கமும் சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். கீழ் ஆர்ம் 400 மி.மீ. நீளம், சாதாரண நிலையில் சேஸ் முனைக்கும் ஆக்ஸில் முனைக்கும் உயர வித்தியாசம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்ட நீளம் சுமார் 397 மி.மீ. இதில் 75 மி.மீ. லிஃப்ட் போட்டால் உயர வித்தியாசம் 125 ஆகும், கிடைமட்ட நீளம் 380க்கு இறங்கும். ஆக்ஸில் 17 மி.மீ. பின்னால் போய்விட்டது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஆர்ம் 416 மி.மீ. இருக்க வேண்டும், அதாவது 16 மி.மீ. கூடுதல். உங்கள் வண்டியின் அளவுகளை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

இன்னொரு விஷயம், மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே நீளமும் இல்லை, ஒரே சாய்வும் இல்லை. அதனால் ஆக்ஸில் கீழே போகும்போது கொஞ்சம் உருளவும் செய்கிறது. முன் ஆக்ஸிலில் இந்த உருளல் கேஸ்டரைக் குறைக்கும். கேஸ்டர் என்பது ஸ்டியரிங் திரும்பும் அச்சு, மேல் முனை பின்னால் தள்ளிச் சாய்ந்திருக்கும் கோணம். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். ஜேகே ராங்ளரில் கம்பெனி அளவு 4 டிகிரியை ஒட்டி வரும். லிஃப்ட்டுக்குப் பிறகு அது 2க்கோ அதற்கும் கீழோ இறங்கினால் வேகத்தில் வண்டி சாலையில் அலைபாயும், ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். லிஃப்ட் போட்ட பிறகு "முன்பக்கம் மிதக்குது" என்று சொல்பவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எந்த ஆர்ம்

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்ம்தான் வேண்டும். குறைந்தபட்சம் மேல் ஆர்ம்களாவது அப்படி இருக்கட்டும். இரண்டு முனையிலும் மரை இருந்து, ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை என்றால் ஆர்மைக் கழற்றாமலே திருகி நீளத்தை மாற்றலாம். ஒரே முனையில் மரை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு போல்டை உருவி, ஜாயின்ட்டைத் திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். வேலை கூடும், ஆனால் கெட்டி.

முனைகளில் ரப்பர் புஷ் (போல்டைச் சுற்றி உட்காரும் மெத்தை), பாலியூரித்தேன் புஷ், உருண்டை ஜாயின்ட் என மூன்று வகை வரும். ரப்பர் சத்தமில்லாமல், பராமரிப்பில்லாமல் ஓடும். பாலி கெட்டியாக இருக்கும், ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்திலும் மற்றது பாறை மேலும் இருக்கும்போது ஆர்ம் முறுக்கிக்கொள்ள வேண்டும், அதற்குப் பாலி இடம் கொடுக்காது. இரண்டு முனையிலும் பாலி இருக்கும் ஆர்மை நான் யாருக்கும் சொல்வதில்லை. தார் ரோட்டில் அதிகம் ஓடும் வண்டிக்கு ஒரு முனை ரப்பர், ஒரு முனை உருண்டை ஜாயின்ட் நல்ல கூட்டு. இரண்டு முனையும் ஹைம் ஜாயின்ட் (ரப்பரே இல்லாத உலோக உருண்டை ஜாயின்ட்) போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கேபினுக்குள் கேட்கும். போட்டிக்குப் போகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

அளவெடுப்பது

வண்டியை உங்களால் முடிந்தவரை மட்டமான தரையில் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் சரியான காற்று. வழக்கமாகச் சுமக்கும் பாரம், ஸ்பேர் வீல், வின்ச் எல்லாம் இருக்கட்டும். ஸ்பிரிங் புதிது என்றால் கொஞ்சம் ஓட்டி உட்கார வைத்த பிறகு அளவெடுங்கள். நாலு முறை பம்பரை அமுக்கிவிட்டால் ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும். ஸ்டியரிங் நேராக.

முதலில் வீல்பேஸ். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. டேப் டயரின் புடைப்பில் மோதினால் ஹப் மையத்திலிருந்து தூக்குக் குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளங்கள். பிறகு ஆக்ஸில் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, சேஸின் வெளிப்பக்கத்திலிருந்து டயரின் உட்பக்கம் வரை இரு புறமும். அப்புறம் கோணங்கள். காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வேலைக்கு அதைவிட உபயோகமான சாமான் இல்லை. பின் டிஃபரன்ஷியலின் பினியன் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு) கோணம், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெளிவரும் முனையின் கோணம், முன்பக்கமும் அதே மூன்று. கேஸ்டருக்கு, ஆக்ஸில் முனையில் பால் ஜாயின்ட் உட்காரும் இடத்தில் கடைந்து மட்டமாக்கிய பரப்பு இருக்கும், அதன் மேல் கோணமானியை வைத்துப் படிக்கலாம். தரை சாய்வாக இருந்தால் அந்தச் சாய்வையும் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். இடம் வலம் இரண்டிலும் எடுங்கள். இரண்டுக்கும் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்ஸில் எப்போதோ அடிவாங்கி முறுக்கியிருக்கிறது என்று பொருள், எந்த ஆர்மும் அதைச் சரி செய்யாது.

எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். போனில் போட்டோ எடுத்துக்கொண்டாலும் சரி, ஆனால் கிரீஸ் கையோடு போனைத் தேடும் நேரத்தில் சுவரில் ஒட்டிய தாள்தான் உதவும்.

இப்போது புது ஆர்மின் ஆரம்ப நீளம். பழைய ஆர்மின் ஒரு துளை மையத்திலிருந்து மறு துளை மையம் வரை அளந்து, கணக்கில் வந்த கூடுதலைச் சேருங்கள். இடது வலது கீழ் ஆர்ம்கள் இம்மியும் பிசகாமல் ஒரே நீளமாக இருக்க வேண்டும். டேப்பை நம்பாமல் இதற்கு நான் செய்வது: கெட்டியான பட்டை இரும்பில் தேவையான தூரத்தில் இரண்டு போல்டுகளை நிமிர்த்திப் பற்றவைத்துவிடுவேன். முதல் ஆர்மை அதன் மேல் வைத்து, ஜாயின்ட்டைத் திருகித் திருகி, இரண்டு துளையும் தள்ளாமல் தானாக விழும் வரை சரிசெய்வது. அடுத்த ஆர்மையும் அதே போல்டுகளில் விழ வைத்துவிட்டால் இரண்டும் ஒன்று. மூன்றாவது கையெல்லாம் தேவையில்லை.

ஜாயின்ட்டின் மரை ஆர்முக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். மரையின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளமாவது உள்ளே இருக்க வேண்டும். விட்டம் 32 மி.மீ. என்றால் 32 மி.மீ. உள்ளே. ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. தேவையான நீளத்துக்கு வர அதற்கும் மேல் வெளியே இழுக்க வேண்டியிருந்தால், நீங்கள் வாங்கியது உங்கள் லிஃப்ட்டுக்கான ஆர்ம் இல்லை.

கழற்றுவதும் மாட்டுவதும்

துரு பிடித்த போல்டு என்றால் முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். போல்டு சுற்றினாலும் வெளியே வராமல் அடம்பிடித்தால், புஷ்ஷின் உள்குழாயோடு துரு ஒட்டிக்கொண்டிருக்கும். பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ரம்பம் விட்டு இரண்டு பக்கமும் அறுப்பதுதான் வழி. பிராக்கெட்டைச் சுத்தியலால் அடித்து நெளிக்காதீர்கள்.

வண்டியைத் தூக்கும்போது, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸுக்குக் கீழே ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டும் ஆளோடு நான் வேலை செய்ய மாட்டேன். ஆக்ஸில் தொங்கி பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாதபடி ஜாக்கியை உயர்த்தி வையுங்கள்.

எல்லாப் போல்டுகளையும் முதலில் தளர்த்துங்கள், உருவ வேண்டாம். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆர்ம். கீழ் ஆர்ம் ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்டைக் கையால் விட்டு நட்டைச் சும்மா பிடித்துவிட்டு, அடுத்த பக்கம் போங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்ஸில் ஸ்பிரிங் தள்ளும் பக்கம் உருண்டு ஓடும், அதைத் திரும்பத் துளைக்கு நேரே கொண்டுவர அரை நாள் போகும். துளை கொஞ்சம் விலகி நின்றால் ராட்செட் பெல்ட்டை ஆக்ஸிலிலும் சேஸிலும் கட்டி இழுங்கள். ஆக்ஸிலை உருட்ட வேண்டுமானால் பினியன் மூக்குக்குக் கீழே சின்ன ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றலாம்.

புதுப் போல்டு போவதற்கு முன் பிராக்கெட் துளையை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகியிருந்தால் அங்கே போல்டு நீண்ட நாளாக ஆடியிருக்கிறது. ஜேகே வண்டிகளில் 14 மி.மீ. போல்டு, துளைக்குள் கொஞ்சம் லூசாகவே வரும். அதற்குப் பதில் 9/16 அங்குல, அதாவது 14.3 மி.மீ. போல்டு போடுபவர்கள் நிறைய. துளை ரொம்பப் பெரிதாகிவிட்டால் வாஷர் தகடு பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எவ்வளவு முறுக்கினாலும் அந்த ஆட்டம் திரும்ப வரும்.

ராங்ளர் முன் ஆக்ஸிலில் ஒரு சங்கடம் உண்டு. மேல் ஆர்மின் ஆக்ஸில் பக்கப் புஷ் ஆர்மில் இருக்காது, ஆக்ஸில் ஹவுசிங்கிலேயே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதையும் மாற்றுவதாக இருந்தால் பால் ஜாயின்ட் அழுத்தும் சி வடிவக் கருவி வேண்டும். தீ வைத்து ரப்பரை எரித்துக் கழற்றும் பழக்கம் இருக்கிறது. புகையும் நாற்றமும் போக, பக்கத்திலேயே டிஃபரன்ஷியல் எண்ணெயும் சீலும் இருக்கின்றன. நான் ரப்பரைத் துளைபோட்டு எடுத்துவிட்டு, வெளிக்குழாயைக் குழிந்த உளியால் உள்நோக்கி மடக்கி எடுப்பேன்.

ஆர்ம் வளைவாக வந்தால் வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் ஆர்மில் உரசாமலிருக்கவே அந்த வளைவு. கிரீஸ் நிப்பிள் பாறையில் இடிபடாத பக்கம் பார்த்து இருக்கட்டும், கிரீஸ் கன் எட்டவும் வேண்டும்.

கேஸ்டரும் பினியனும்

கீழ் ஆர்ம்கள் ஆக்ஸிலின் இடத்தை நிறுத்துகின்றன. மேல் ஆர்ம்களால் அதன் சாய்வை நிறுத்துகிறோம். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஆர்மைத் தொடுவது என்ற குழப்பம் வராது.

எவ்வளவு திருகினால் எவ்வளவு மாறும்? ஆக்ஸிலில் மேல் ஆர்ம் போல்டுக்கும் கீழ் ஆர்ம் போல்டுக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை அளங்கள். அது 200 மி.மீ. என்றால், மேல் ஆர்மின் நீளத்தில் 3.5 மி.மீ. மாற்றினால் ஆக்ஸில் 1 டிகிரி உருளும். அங்குலத்துக்கு 12 மரை உள்ள ஜாயின்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 2.1 மி.மீ. நகரும். ஆக, அரைச் சுற்று என்பது சுமார் 0.3 டிகிரி. முன்பக்கம் மேல் ஆர்மைக் குறைத்தால் ஆக்ஸிலின் தலை பின்னால் சாயும், கேஸ்டர் கூடும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது: கீழ் ஆர்மை மட்டும் 16 மி.மீ. நீட்டிவிட்டு மேல் ஆர்மைத் தொடாமல் விட்டால் கேஸ்டர் நாலரை டிகிரி எகிறும். கீழ் ஆர்ம் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

முன்பக்கத்தில் ஒரு இழுபறி உண்டு. ஸ்டியரிங் அச்சைத் தாங்கும் முனை ஆக்ஸில் குழாயோடு பற்றவைக்கப்பட்டது, டிஃபரன்ஷியலும் அதே குழாயோடு. கேஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலை உருட்டினால் பினியன் மூக்கு கீழே போகும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுக்குக் கோணம் அதிகமாகும். பினியனைத் தூக்கினால் கேஸ்டர் போகும். இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. ஜேகே வண்டியில் டூ வீல் டிரைவில் ஓடினாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கோணம் மோசமானால் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு தெரியும். நான் கேஸ்டருக்கு முதலிடம் கொடுப்பேன், 5 டிகிரியைச் சுற்றி நிறுத்துவேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வந்தால் 4.5ஓடு நிறுத்திப் பினியனுக்கு விட்டுக்கொடுப்பேன். 7, 8 என்று ஏற்றுவதில் லாபமில்லை, ஸ்டியரிங் கனமாகும், ஷாஃப்ட் அழும்.

பின்பக்கம் கேஸ்டர் கிடையாது, பினியன் கோணம் மட்டும்தான். அதற்கு முன் உங்கள் பின் ஷாஃப்ட் எந்த வகை என்று குனிந்து பாருங்கள். இரண்டு முனையிலும் ஒற்றை யூ ஜாயின்ட் என்றால், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கோணத்தில் ஓடும் யூ ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் அதே கோணம் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் சமன் ஆகும். 1 டிகிரிக்குள் பொருந்தினால் போதும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட் என்றால் கணக்கே வேறு. அந்த இரட்டை ஜாயின்ட் தன் ஏற்ற இறக்கத்தைத் தானே சமன் செய்துகொள்ளும், பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் கொஞ்சம் மேலே எழும், அதனால் 1 முதல் 2 டிகிரி வரை தாழ்த்தி வைப்பது வழக்கம்.

மேல் ஆர்ம் இரண்டில் முதலில் ஒன்றை மட்டும் மாட்டிக் கோணத்தை நிறுத்துங்கள். இரண்டாவது ஆர்மின் ஒரு முனையை மாட்டிவிட்டு, மறுமுனை ஜாயின்ட்டை அரை அரைச் சுற்றாகத் திருகி, போல்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் நிறுத்துங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும், ஆனால் இரண்டு மேல் ஆர்மும் நிரந்தரமாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும், புஷ் சீக்கிரம் போகும்.

முறுக்குவது, அதுவும் எப்போது

இந்த வேலையில் ஏமாந்துபோகும் இடம் இதுதான். வண்டி ஸ்டாண்டில், ஆக்ஸில் தொங்கிக்கொண்டு, கைக்கு எட்டும் உயரத்தில் போல்டு. ஏர் கன்னை வைத்து டர்ரென்று முறுக்கிவிட்டு வண்டியை இறக்கத் தோன்றும். வேண்டாம்.

ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் ரப்பரும் ஒட்டியிருக்கும். போல்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அதன்பிறகு ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் நின்றவுடனேயே ரப்பர், பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக்கொண்டுவிடும். நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் உள்குழாயைச் சுற்றி வெடிப்பு விழும். முறுக்கிய ரப்பர் வண்டியைத் தூக்கிப் பிடிப்பதால் உயரமும் தவறாகத் தெரியும், அதை வைத்து எடுக்கும் அளவெல்லாம் தவறாகும்.

அதனால் சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு முறை அமுக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலும் ஆர்மோடு வந்த தாளும் சொல்லும். மேல் ஆர்முக்கும் கீழ் ஆர்முக்கும் ஒரே அளவாக இருக்காது, கவனம். தாளில் பவுண்டு அடியில் போட்டிருந்தால் 1.356 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். உராய்வு குறைந்து, ரெஞ்ச் காட்டும் அளவில் போல்டு அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். துரு பிடிக்காமலிருக்கப் போல்டின் நடுத்தண்டில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம்.

உருண்டை ஜாயின்ட்டுக்கு இந்த முறுக்கல் பிரச்சினை இல்லை, ஆனாலும் தரையிலேயே முறுக்கும் பழக்கம் நல்லது. அதில் பார்க்க வேண்டியது லாக் நட்டு. இறுக்கும்போது ஜாயின்ட் ஒரு பக்கம் சாய்ந்து தன் கூட்டில் இடிக்காமல், இரண்டு முனையும் ஒரே தளத்தில் நிற்கும்படி ஸ்பானரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். புது ஆர்ம் போட்ட பிறகு வரும் "டங்" சத்தத்தில் பெரும்பாலானவை லூசான லாக் நட்டுதான். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலும் லாக் நட்டிலும், நட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

இடிக்கிறதா என்று பார்ப்பது

ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் ஏறும் எல்லையில் உள்ள தடுப்பு) தொடும் வரை ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிடுங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு கடைசி வரை திருப்புங்கள். டயருக்கும் ஆர்முக்கும் இடைவெளி, ஷாஃப்ட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடைவெளி, மேல் ஆர்ம் ஸ்பிரிங் கூட்டில் தொடுகிறதா, பிரேக் ஹோஸ் இறுகுகிறதா, ஏபிஎஸ் வயர் எங்காவது நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். ஆக்ஸிலை முன்னால் நகர்த்தியிருப்பதால் டயர் இப்போது பம்பர் ஓரத்தில் உரசலாம். நேராக நிற்கும்போது இது எதுவும் தெரியாது.

அலைன்மென்ட்

வரிசை முக்கியம். முதலில் ட்ராக் பார், அப்புறம் வீல்பேஸ், அப்புறம் கேஸ்டர், அதன் பிறகு டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கடைசியில் ஸ்டியரிங் வீலை நேராக்குவது. முன்னால் உள்ளதை மாற்றினால் பின்னால் உள்ளதெல்லாம் மாறும், அதனால் டோ முடித்துவிட்டு கேஸ்டரைத் தொட்டால் டோவை மறுபடி செய்ய வேண்டும்.

லிஃப்ட்டுக்குப் பிறகு ட்ராக் பார் செங்குத்தாகச் சாய்வதால், அது சேஸில் பிடித்திருக்கும் பக்கமாக ஆக்ஸில் இழுபடும். நீளத்தைக் கூட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள், 3 மி.மீ.க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. ட்ராக் பாரும் டிராக் லிங்க்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) முன்னாலிருந்து பார்த்தால் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். வீல்பேஸை இடம் வலம் மறுபடி அளந்து, வித்தியாசம் இருந்தால் இங்கேயே முடித்துவிடுங்கள். பின் ஆக்ஸில் கோணலாக நின்றால் வண்டி நண்டு நடையில் போகும், முன்பக்கத்தில் என்ன செய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

டோவை வீட்டிலேயே நன்றாகப் பார்க்கலாம். இரண்டு முன் டயரின் பின்பக்கத்தில், ஹப் உயரத்தில், டயரின் நடுப்பகுதியில் ஊசியால் மெல்லிய கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு தூரத்தை அளங்கள். வண்டியை மெதுவாக முன்னால் தள்ளி, அதே கோடுகள் முன்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். ஒரே கோட்டை அளப்பதால் டயர் கோணலாக இருந்தாலும் அளவு கெடாது. முன் அளவு பின் அளவைவிட 1.5 முதல் 3 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். அதிகமோ குறைவோ என்றால் இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகுங்கள். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் டை ராடைத் தொடாதீர்கள், அது டிராக் லிங்க்கின் வேலை. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டியில் ஸ்டியரிங் வீல் கோணலாக இருந்தால் வண்டி திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு நேர்ச்சாலையிலேயே பிரேக் போடும், அதனால் நேராக்கும் வரை வேகமாக ஓட்ட வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒருமுறை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுங்கள். உங்கள் தாளில் உள்ள எண்ணும் மெஷின் காட்டும் எண்ணும் எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும். சாலிட் ஆக்ஸிலில் கேஸ்டரைத் திருத்த முடியாது என்று அங்கே சொன்னால், உங்கள் மேல் ஆர்மைக் காட்டுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பின் பினியன் உயரமாக இருக்க வாய்ப்பு, காலை எடுத்ததும் அதிர்ந்தால் தாழ்வாக இருக்கலாம். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் முழுக்க வெறிபிடித்தாற்போல ஆட ஆரம்பித்தால் வண்டியை ஓரங்கட்டி, முதலில் ட்ராக் பார் போல்டைப் பாருங்கள், பிறகு பால் ஜாயின்ட், டை ராட் முனை, டயர் பேலன்ஸ். புது ஸ்டியரிங் டாம்பர் போட்டால் ஆட்டம் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியா? அங்கே மேல் ஆர்ம் மாற்றுவது இன்னும் சுருக்கமான வேலை. கீழ் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, பால் ஜாயின்ட் நட்டைக் கடைசி மரை வரை தளர்த்தி விட்டுவிட்டு, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பக்கவாட்டில் தட்டினால் கூம்பு விடுபடும். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தட்டினால் நக்கிள் பிரேக்கோடு சேர்ந்து விழும். புதியதில் ஸ்ப்ளிட் பின் துளை பொருந்தாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்திப் பொருத்தக்கூடாது. கேஸ்டரையும் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) கீழ் ஆர்மின் கேம் போல்டுகளில் திருத்துவார்கள், இதற்கு மெஷின் இல்லாமல் முடியாது. ரப்பர் புஷ் என்றால் தரையில் நிற்கும்போது முறுக்குவது இங்கேயும் பொருந்தும்.

முதல் 100 கி.மீ. ஓடியதும், பிறகு முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துப் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். எல்லாக் கோடும் நேராக இருந்தாலும் டார்க் ரெஞ்சை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு கோடு விலகியிருந்தால், அந்த நட்டை மட்டும் திரும்ப முறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். போல்டை உருவி, தண்டில் பளபளவென்று தேய்ந்த வளையம் இருக்கிறதா, துளை பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். வளையம் தெரிந்தால் போல்டும் நட்டும் புதிதாகப் போட வேண்டும், துளை பெரிதாகியிருந்தால் பிராக்கெட்டுக்குப் பற்றவைக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.